பறக்கிற நேரம் மட்டும்

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். பஸ், ரயில், விமானம் எல்லாம் போடுவேன். நடுவில் ஜெராக்ஸும் ஆதார் திருத்தமும். பதினாறு வருஷத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். விமான டிக்கெட்டுக்கு வருகிற யாருக்கும் பறக்கிற நேரம் மட்டும்தான் வேண்டும். பக்கத்து அனந்தபுரத்திலிருந்து ஒருவர் வருவார், மகள் துபாயில் இருக்கிறாள். எத்தனை மணி நேரம் என்று கேட்பார். நாலேகால் என்பேன். முகம் மலர்ந்துவிடும். ஊரிலிருந்து விமான நிலையம் போகவே நாலு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும், அந்தப் பக்கம் இறங்கி வரிசையில் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தால் அதே முகம் கோணிவிடும், என்னவோ நான்தான் அவர் மகளை அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரி. அதனால் சொல்வதில்லை. நாலேகால் என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். என் தம்பி விஷயத்திலும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி சாந்திநாதன் பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலையில் இருக்கிறான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அங்கே போகும்போது நைனாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். பெங்களூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி ஐந்து நிமிஷம்தான், கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பேன் என்றான். அன்றிலிருந்து நைனா மேல்சித்தாமூர் சமண மடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் என் பையன் வந்துவிடுவான் என்பார். விமானம் சென்னையில்தானே இறங்குகிறது, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இல்லையே என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நம்மவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்க அவ்வளவு ஆசை.

உண்மைக் கணக்கு எனக்கு மனப்பாடம். அவன் வீட்டிலிருந்து அந்த ஊர் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் முன்னால். பறப்பது ஒன்று. பெட்டி எடுத்து வண்டி பிடிக்க முக்கால். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு மூன்று. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே எட்டே கால் மணி நேரம் ஆகிறது. இதில் செஞ்சியைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டு மறுபடி மேற்கே திரும்பி வருகிற கூத்து வேறு. ஆனால் பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரி போகிற பஸ் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாக ஐந்தரை மணி நேரத்தில் என் கடைக்கு நேர் எதிரில் வந்து நிற்கிறது. விடிகாலை வண்டியில் ஏறினால் பதினொன்றே காலுக்கு இங்கே இறங்கலாம். ஏழு வருஷத்தில் சாந்தி அந்த பஸ்ஸில் ஒரு தடவைகூட வந்ததில்லை. விமானத்தில் நாலு தடவை வந்திருக்கிறான்.

நைனாவின் பெயர் அப்பாண்டைராஜன். எழுபத்தாறு வயது. மேல்சித்தாமூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, என் கணவர் போன பிறகு எனக்குத் துணையாகச் செஞ்சிக்கே வந்துவிட்டார். தினமும் பதினொரு மணிக்குக் கடைக்கு நடந்து வருவார். வாசலில் போட்ட நாற்காலியில் பஸ் நிலையத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பதினொன்றரைக்கு எழுந்து போய்விடுவார். மகள் தனியாகக் கடையில் இருக்கிறாளே என்று வருகிறார் என நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். நைனா அதற்கும் ஒரு படி மேலே, பொழுது போனால் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று நாற்பது வருஷத்துக்கு முன் விரதம் எடுத்தவர். அவருடைய பொழுது காலண்டர் பொழுதும் அல்ல. எங்கள் வீட்டுக்கு மேற்கே ராஜகிரி மலை. சூரியன் அந்த மலைக்குப் பின்னால் போனதும் எங்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். காலண்டரில் இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தாலும் அணைந்துவிடும்.

இந்த ஆவணியில் மூன்று நாள் நோன்பு எடுத்தார். முதல் இரண்டு நாள் ஒரு வேளை காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் அதுவும் கிடையாது. நாலாம் நாள் காலையில் பாரணை, அதாவது நோன்பை முடிப்பது. எங்கள் வீட்டில் பாரணைத் தண்ணீரை மகன்தான் ஊற்றுவான், நோன்பிருந்தவர் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பார். மற்ற வீடுகளில் எப்படியோ, எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு இதுதான். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. சாந்திக்கு நானே அந்த பஸ்ஸில் இரண்டு சீட் போட்டுவிட்டுப் போன் செய்தேன். சிரித்தான். கேன்சல் பண்ணு என்றான். ஒன்பதரை மணி விமானம், பத்தேமுக்காலுக்கு இறங்கிவிடுவோம், இந்தக் காலத்தில் போய் யாராவது ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்காருவார்களா என்று கேட்டான். நைனா பக்கத்திலிருந்து, அப்படியானால் பதினொரு மணிக்குப் பாரணை வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து, பயத்தம்பருப்புக் கஞ்சி வைத்தேன். நைனா குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து மணையில் உட்கார்ந்தார். பதினொன்று ஆயிற்று. சாந்தியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. விமான நிலையத்துக்குள் ஓர் அறை, சோபா, தட்டில் தோசையும் பழத்துண்டுகளும். விமானம் தாமதமாம். பசிக்கிறதே என்று சாப்பிட்டார்களாம். இங்கே தகப்பன் நாக்கு வறண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்காக வருகிறவன் தோசைத் தட்டைப் படம் பிடித்து அனுப்புகிறான். போனைக் கவிழ்த்து வைத்தேன். நைனாவிடம் காட்டவில்லை.

ஒரு மணிக்குக் கஞ்சி கட்டிதட்டிவிட்டது, கொட்டிவிட்டு வேறு வைத்தேன். ஒரு மணிக்குத்தான் விமானமே கிளம்பியதாம். நைனா மணையிலிருந்து எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார். அப்போதும் அவர் கணக்கு மாறவில்லை. கிளம்பிட்டானா, அப்போ ரெண்டு மணிக்கு வந்துருவான் என்றார்.

மூன்று மணிக்கு எதிர்வீட்டு ஜெயக்கொடியைக் கூப்பிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைனாவுக்கு பிரஷர் பார்த்தாள், கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பிரஷர் தொண்ணூறுக்குக் கீழ கெடக்குதுக்கா. இந்த வயசுல மூணு நாள்னா இன்னா அர்த்தம்? இன்னைக்குப் பொழுதோட தண்ணி உள்ள போவணும். இல்லன்னா ராத்திரிக்குக் கிட்னி நின்னுடும், அப்புறம் என்னைக் கூப்டாத."

நான் போய்ச் சொன்னேன். நைனா கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். தம்பி வண்டியில் ஏறிவிட்டான் என்று மட்டும் அதோடு சேர்த்துச் சொன்னேன், அது உண்மைதான். இரண்டே முக்காலுக்கு ஏறியிருந்தான். நேராக வந்தால் ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடலாம். அன்றைக்கு மலை சூரியனை மறைக்கிற நேரம் ஐந்து ஐம்பது. அந்த ஐந்து நிமிஷத்தில் உயிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்குப் போன் செய்தேன். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. அச்சிறுபாக்கம் தாண்டி ஓர் ஓட்டலில் இருக்கிறார்களாம். அவன் மனைவி நீலாஞ்சனாவுக்குத் தலை வலிக்கிறதாம், மீல்ஸ் முடிந்துவிட்டதால் பரோட்டா சொல்லியிருக்கிறார்களாம். எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"இப்பதான்க்கா, ஒரு முக்கா மணி நேரம். டென்ஷன் ஆவாத. இங்கேருந்து பக்கம்தான், மேப்ல ஒன்றே காலுன்னு காட்டுது."

போனை வைத்துவிட்டேன். ஊர் முழுக்க இவனை நல்ல பிள்ளை என்கிறது. எனக்கு வாயில் இருந்த எச்சிலைத் துப்ப வேண்டும் போல இருந்தது, கொல்லைக்குப் போய்த் துப்பினேன்.

ஐந்தே முக்காலுக்குச் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நைனா எதிரில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வெயில் அவர் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. மலை உச்சிக்கும் சூரியனுக்கும் அரை விரல் இடைவெளி. கையை நீட்டுங்கள், நான் ஊற்றுகிறேன் என்றேன். அவர் உதடு வெடித்து ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"அவன் வரேன்னு சொல்லிட்டான் இல்லம்மா."

"அவன் வரதுக்குள்ள பொழுது போயிடும் நைனா. அப்புறம் காலைல வரைக்கும் தண்ணி கெடையாது. ஜெயக்கொடி சொன்னது கேட்டுச்சில்ல?"

கேட்டது என்றார். ஆனால் கை நீட்டவில்லை. நான் மகள் என்பதாலா என்று கேட்டேன். வெயில் முழங்காலை விட்டு இறங்கிப் பாயில் விழுந்தது, பிறகு அதுவும் போயிற்று. காலண்டரில் ஆறு பன்னிரண்டு போட்டிருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று கெஞ்சினேன். காலண்டர்காரன் நம்ம மலைய பாத்துட்டா எழுதறான் என்று மெல்ல ஒரு சிரிப்புச் சிரித்தார். நாற்பது வருஷத்து விரதம், நான் இனி வற்புறுத்தக் கூடாது என்று செம்பை மூடிவைத்தேன். ராத்திரி ஏதாவது ஆனால் ஆட்டோ வேண்டும் என்று தெருமுனையில் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.

ஆறு ஐம்பதுக்கு வண்டி வந்து நின்றது. தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாந்தி இறங்கினான், மேலெல்லாம் வாசனைத் தைலம், அதற்கடியில் பரோட்டா சால்னா வாசம். நீலாஞ்சனா போனைக் கையில் பிடித்தபடியே இறங்கினாள். ஸாரி நைனா, பிளைட் லேட்டு, ஒரு மணி நேரத்துல வர வேண்டியது என்று அவர் பக்கத்தில் குந்தினான். நைனா அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். களைச்சிட்ட என்றார். மூன்று நாள் பட்டினி கிடந்தவர் பரோட்டா தின்றுவிட்டு வந்தவனைப் பார்த்துக் களைத்துவிட்டாய் என்கிறார்.

பாரணை ஊத்திடலாமா என்று சாந்தி எழுந்தான். பொழுது போய்விட்டது என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"தண்ணி தானக்கா, சோறா போடறோம்? நாங்க இதுக்குன்னே பறந்து வந்திருக்கோம். காலைல ஏழு மணிக்கு ரிட்டர்ன் பிளைட்டு, ராத்திரி சென்னைல ரூம் போட்டிருக்குது."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், வெளியே இருட்டு. சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் குவித்து அவன் பக்கம் நீட்டினார்.

நான் செம்பை எடுக்கப் போனேன். அதற்குள் நீலாஞ்சனா, விமானத்தில் கொடுத்த பாட்டில் இருக்கிறதே, அதிலேயே ஊற்றினால் நன்றாக இருக்கும் என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாதி குடித்த பாட்டில். வீட்டில் வடிகட்டிக் காய்ச்சாத தண்ணீரைக் கையால் தொடாத மனிதர் அவர். சாந்தி ஊற்றினான், அவர் குடித்தார். மடக் மடக்கென்று அந்தத் தொண்டை ஏறி இறங்கியதை நான் நின்று பார்த்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் வீடியோவில் முகம் தெரியவில்லை, இன்னொரு வாய் மாமா என்று நீலாஞ்சனா இடம் மாறி நின்றாள். அவர் மறுபடியும் கை நீட்டினார்.

உயிர் பிழைத்தது, அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அருவருப்புதான் வந்தது. தம்பி மேல், அந்தப் பாட்டில் மேல், போன் வெளிச்சத்தில் பளபளத்த அந்த ஈரத் தாடை மேல். என் கையில் இருந்தால் விரதம், அவன் கையில் இருந்தால் வெறும் தண்ணீர். எட்டே காலுக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். எட்டரைக்குக் குடும்பக் குழுவில் வீடியோ வந்தது. அப்பாவின் பாரணைக்காக ஒரு மணி நேரத்தில் பறந்து வந்தோம் என்று கீழே எழுதியிருந்தது. நாற்பத்தொரு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு நைனா சொன்னார், இருட்டிய பிறகு தண்ணீர் குடித்தது பிழை, அதற்குப் பரிகாரமாக வியாழக்கிழமை ஒரு நாள் நோன்பு இருக்கப்போகிறேன், வெள்ளிக்கிழமை பாரணை என்று. சாந்திக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு, ஒரு மணி நேரம்தானே என்றார்.

எனக்குள் என்னவோ அறுந்தது. ஏழு வருஷமாக விழுங்கியதையெல்லாம் அவர் எதிரில் கொட்டினேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மணியாகச் சொன்னேன். எட்டே கால் மணி நேரம் என்றேன். பரோட்டா தின்ற ஒரு மணி நேரத்தையும் சொன்னேன். ஐந்தரை மணி நேரத்தில் வருகிற பஸ் ஒன்று நம் கடை வாசலிலேயே நிற்கிறது, அதில் சீட் போட்டேன், அவன் சிரித்தான் என்றும் சொன்னேன். கத்தியிருப்பேன் போல, எதிர்வீட்டில் ஜெயக்கொடி கதவைத் திறந்து பார்த்தாள்.

நைனா எல்லாவற்றையும் கேட்டார். தும்பைப்பூ நிற வேட்டி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்மா. பதினொன்னேகால் வண்டி. நான் தெனம் வந்து பாக்கறனே."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன். ஏழு வருஷமாகப் பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்தது எனக்குத் துணைக்கு இல்லை. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சாந்திக்கு நான் போன் செய்யவில்லை. அவர் செய்தார். லீவு இல்லையாம், பார்க்கிறேன் என்றானாம்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பாரணை நடக்கவில்லை. நைனா வெறும் வயிற்றோடு வழக்கம்போலப் பதினொரு மணிக்குக் கடைக்கு வந்து, வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் இங்கேதான் வந்து உட்காருவார் என்று தெரியும் என்பதால் செம்பையும் காய்ச்சி ஆறிய தண்ணீரையும் கொண்டுவந்திருந்தேன். அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஊற்றட்டுமா என்றேன்.

"பஸ்ஸு வந்துட்டுப் போவட்டும்மா. அப்புறம் நீ ஊத்து."

கடைக்குள் ஒரு பெண் வந்து நின்று, மஸ்கட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று என்னைக் கேட்டாள். பதில் சொல்லவில்லை. செம்போடு வாசலிலேயே நின்றேன். பதினொன்று இருபதுக்குப் பெங்களூர் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒரு குடும்பம் இறங்கியது, கையில் கோழிக்கூடையோடு ஒருவர் இறங்கினார், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் இறங்கினார்கள். நைனா ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். கண்டக்டர் விசிலடித்தான், வண்டி திண்டிவனம் ரோட்டில் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் குவித்தார். அவன் வராமல் போன பிறகு மிஞ்சியிருக்கிற கை என்னுடையது. அருவருப்பாகத்தான் இருந்தது. ஊற்றினேன்.